84-ஆவது பிரிவில் விடுதலை: நேரில் பார்த்தவர்கள் எழுதுங்கள்

பெஞ்ச்_கிளார்க்_ஓய்வு

மனநோயால், செய்வது இன்னதென்றோ தவறென்றோ தெரியாத நிலையில் செய்தது குற்றமாகாது என்பதுதான் இந்திய தண்டனைச் சட்டம் 84. அந்த 84 என்றாலே எனக்கு ஒரு தீர்ப்பு நாள்தான். மகன் அப்பாவை வெட்டிய வழக்கு. சம்பவத்துக்கு முன்பே மனச்சிதைவுக்கு மருந்து ஓடிக்கொண்டிருந்தது, அதில் தகராறே இல்லை. “விடுதலை செய்யப்படுகிறார்” என்று ஜட்ஜ் வாசித்ததும் அந்த அம்மா எழுந்து கூண்டுப் பக்கம் நடக்கத் தொடங்கிவிட்டார். மகன் போட்டுக்கொள்ளப் புதுச் செருப்பு வாங்கி வந்திருந்தார், அட்டைப்பெட்டி அக்குளில். அடுத்த பத்தியில் “பாதுகாப்பான காவலில் வைக்க” என்று வந்தது. எஸ்கார்ட் போலீஸ் பழையபடி அவன் கையைப் பிடித்துக்கொண்டார். அந்த அம்மா என்னிடம் கேட்டது ஒன்றுதான்: “விடுதலைன்னுதானே சார் படிச்சாங்க?”

வராண்டாவில் நின்றவர்கள் “பைத்தியம்னு சொல்லித் தப்பிச்சுட்டான்” என்று பேசிக்கொண்டு போனார்கள். தப்பித்து எங்கே போனான்? ஏழு வருடம் என்று தண்டனை விழுந்திருந்தால் அது முடிய ஒரு தேதி இருக்கும். இவனுக்கு அதுவும் கிடையாது.

வார்டு_சிஸ்டர்

சார் சொன்ன அந்தக் கையைப் பிடித்துக் கூட்டிவருவது எங்கள் மனநல மருத்துவமனை வார்டு வாசலில்தான் முடியும். இங்கே ஒருவர் இருக்கிறார். வயதைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். நோய் அடங்கிப் பல வருடம் ஆகிறது. புதிதாக வருபவர்களுக்கு மாத்திரை விழுங்கச் சொல்லிக்கொடுப்பதே அவர்தான். யாரை வெளியே அனுப்பலாம் என்று பார்க்கும் கமிட்டி வரும் நாளில் விடிவதற்குள் ஷேவ் செய்து, சட்டையின் மேல் பட்டன்வரை போட்டு உட்கார்ந்திருப்பார். வீட்டுக்கு நாங்கள் போடும் கடிதம் “இந்த முகவரியில் இல்லை” என்று திரும்பி வரும்.

ஒரு தடவை அவர் தம்பி வந்தார். இவர் ஓடிப்போய்த் துணியை மடித்துப் பையில் வைக்க ஆரம்பித்துவிட்டார். தம்பி கொண்டுவந்தது நிலப் பத்திரம். கையெழுத்துக்கு. நான் டாக்டரைக் கூப்பிட்டேன், அதற்குள் தம்பி கிளம்பிவிட்டார். மடித்த துணியை இவர் சாயங்காலம்வரை பையிலிருந்து எடுக்கவில்லை.

அஸ்ஸாமில் மச்சாங் லாலுங் 1951-ல் கைதாகி 2005-ல்தான் வெளியே வந்தார் என்று படித்திருப்பீர்கள். 84-ல் விடுதலையானவர் கதி இதுதான்.

சித்தியின்_மகள்_மாதிரி

எல்லாரும் ஒரே பக்கத்திலிருந்து எழுதுகிறீர்கள். நான் மறுபக்கம். செத்தது என் சித்தி. அடித்தது பக்கத்து வீட்டுப் பையன், சின்ன வயதிலிருந்து எங்கள் வீட்டில் சாப்பிட்டவன்.

கிளார்க் சார், வராண்டாவில் அப்படிப் பேசியவர்களில் எங்கள் மாதிரி ஆட்களும் இருந்திருப்பார்கள். அவர்களைக் குறைவாக எண்ணாதீர்கள். “விடுதலை” என்ற சொல் எங்கள் காதில் எப்படி விழும் என்று யாராவது யோசித்தார்களா? தீர்ப்பை முழுசாகப் படித்தபோதுதான், அந்தச் செயலைச் செய்தது அவனே என்று தனியாக எழுதியிருந்ததைப் பார்த்தேன். எனக்கு அந்த ஒரு வரி தேவைப்பட்டது.

ஆனால் அவன் வெளியே வந்ததை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. பஸ் ஸ்டாண்டில் எதிரே வந்து நின்றான். உடம்பு பெருத்து, கை லேசாக நடுங்கிக்கொண்டு. “அக்கா, மாத்திரை ஒழுங்கா சாப்பிடுறேன்க்கா” என்றான். நான் பேசவில்லை. பேசியிருக்க வேண்டுமா என்று இன்னும் தெரியவில்லை.

வக்கீல்_தென்மாவட்டம்

என் அனுபவம் சின்னது: 84 போடலாம் என்று சொன்னதற்கு என் கட்சிக்காரர் வக்காலத்தையே திரும்பக் கேட்டார். “நான் பைத்தியம் இல்லை, தூக்கு போட்டாலும் சரி” என்றார். அவர் முகம் மறக்காது.

வார்டு சிஸ்டருக்கு ஒரு திருத்தம். லாலுங் 84-ல் விடுதலையானவர் இல்லை. அவர் வழக்கு விசாரணைக்கே வரவில்லை. விசாரணையைப் புரிந்துகொள்ளும் நிலையில் குற்றம் சாட்டப்பட்டவர் இன்று இருக்கிறாரா என்பது ஒரு கேள்வி, சம்பவ நேரத்தில் மனம் எப்படி இருந்தது என்பது வேறு கேள்வி. இரண்டையும் குழப்பினால் மனுவே தப்பாகப் போகும்.

குடும்பத்தில் யாருக்காவது இந்த நிலை வந்தால் கவனியுங்கள். 2024 ஜூலை 1 முதல் நடந்த சம்பவம் என்றால் 84 இல்லை, தண்டனைச் சட்டத்துக்குப் பதில் வந்த பாரதிய நியாய சன்ஹிதா 22. நிரூபிக்கும் பொறுப்பு நம் தலையில்தான், ஆனால் அரசுத் தரப்பு அளவுக்குச் சந்தேகமறக் காட்டத் தேவையில்லை. 1964-ல் தாஹ்யாபாய் வழக்கில் உச்ச நீதிமன்றம், சம்பவத்துக்கு முன்னும் அப்போதும் பின்னும் இருந்த சூழ்நிலையை வைத்தே அந்த நேரத்து மனநிலையை முடிவு செய்ய முடியும் என்றது. அதனால் பழைய ஓ.பி. சீட்டு, மருந்துக் கடை பில் எதையும் தூக்கிப் போடாதீர்கள். கோயில், தர்கா என்று கூட்டிப்போயிருந்தால் கூட வந்தவர் சாட்சி சொல்லலாம். அடித்துவிட்டு ஓடினாரா, அங்கேயே உட்கார்ந்திருந்தாரா, ஆயுதத்தை ஒளித்தாரா, எல்லாமே கணக்கில் வரும். ரிமாண்ட் செய்யும்போதே மாஜிஸ்திரேட்டிடம் நோயைச் சொல்லி, பதிவு செய்யச் சொல்லுங்கள். வருடங்கள் கழித்து வாங்கும் சர்டிபிகேட்டுக்கு மதிப்புக் குறைவு. வக்கீல் வைக்க வசதி இல்லையென்றால் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள்.

விடுதலைக்குப் பிறகு பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் 335, இப்போது அதற்குப் பதில் வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 374. உறவினர் அல்லது நண்பர் மனு போட்டு, ஒழுங்காகப் பார்த்துக்கொள்வேன், அவரும் மற்றவரும் காயப்படாமல் தடுப்பேன் என்று கோர்ட்டுக்குத் திருப்தியாகப் பிணை கொடுத்தால் அவரிடம் ஒப்படைக்கலாம். பலர் அந்த மனுவைப் போடுவதே இல்லை.

மனநல_டாக்டர்

கூண்டில் ஏறி நானும் சாட்சி சொல்லியிருக்கிறேன். “சம்பவம் நடந்தப்ப நீங்க அங்க இருந்தீங்களா டாக்டர்?” முதல் கேள்வியே இதுதான். குற்றம் சாட்டப்பட்டவரைக் கைதாகிப் பல மாதம் கழித்து, ஊசி போட்டுத் தெளிந்த பிறகுதான் என்னிடம் கொண்டுவந்தார்கள். நோய் இருந்தது என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியும். அந்த நிமிடத்தில், செய்வது தவறு என்று தெரியாத நிலையில் இருந்தாரா என்றால்? நோய் இருந்தால் மட்டும் 84 கிடைக்காது, அந்த நிமிடத்தைத்தான் சட்டம் கேட்கிறது. அவரோ நான் பேசுவதைக் கேட்டுத் தலையாட்டிக்கொண்டிருந்தார். தண்டனை ஆகிவிட்டது.

சித்தி மகளுக்கு: பேசாமல் வந்ததில் தப்பில்லை. அந்தக் கை நடுக்கம் பெரும்பாலும் மாத்திரையால் வருவது. சாப்பிடுகிறேன் என்று சொன்னது உண்மையாகத்தான் இருக்கும்.

வார்டு_சிஸ்டர்

வக்கீல் சார், லாலுங் விஷயம் சரி, திருத்திக்கொள்கிறேன். நண்பரும் மனு போடலாம் என்றீர்களே, அதைத்தான் பிடித்துக்கொண்டேன். எங்கள் ஆளைப் பார்க்கப் பழைய லாரி ஷெட் முதலாளி எப்போதாவது வருவார், ரத்த உறவு இல்லை என்று நாங்களே பேச்செடுக்காமல் விட்டுவிட்டோம். அந்த மனு எந்தக் கோர்ட்டில் போட வேண்டும், தீர்ப்பு சொன்ன கோர்ட்டிலேயா? முதலாளிக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது, சீக்கிரம் சொல்லுங்கள்.