"சாவிய எங்க வச்ச?" – வளவை விட்டு வெளியே வந்தவர்கள் பகிர்ந்தவை

தேவகோட்டைக்காரி:

பல தடவை எழுதி எழுதி அழிச்சது இது. கை நீட்டாம, சத்தமும் போடாம, ஆளைக் கொஞ்சம் கொஞ்சமாக் கரைக்கிற வீட்டுல இருந்து தப்பிச்சு வந்தவங்க இங்க யாராவது இருக்கீங்களா?

என் கதை சின்னது. பேங்க்ல குடுத்திருந்த போன் நம்பர் என் வீட்டுக்காரரோடது. ஓடிபி அவருக்குத்தான் போகும். என் சம்பளம், என் கார்டு, ஆனா ஒரு ஜோடி செருப்பு வாங்க அவர் மீட்டிங் முடியுற வரைக்கும் கடையில நின்னேன். முக்கால் மணி நேரம். கடைக்காரர் பாவம் பாத்து ஸ்டூல் எடுத்துப் போட்டார். அந்த ஸ்டூல்ல உக்காந்திருக்கும்போதுதான் முடிவு பண்ணேன். மத்ததை நீங்க சொல்லுங்க.

இரண்டாங்கட்டு:

நான் சொல்றேன். ஊர்ப் பேர் வேண்டாம். காரைக்குடியில இருந்து டவுன் பஸ் போற ஊர்.

வீட்டைச் சொன்னாத்தான் கதை விளங்கும். முகப்பு ஒரு தெருவுல, பின்கட்டு வாசல் அடுத்த தெருவுல. நடுவுல வளவு, அதாவது திறந்த முற்றம், அதைச் சுத்திக் கல்யாணமான மகன்களுக்கு ஆளுக்கொரு அறை. ஒரு காலத்துல கூட்டம் நெறஞ்ச வீடு. நான் வாழப் போனப்ப மாமியா, அவுக, நான், அப்புறம் பொறந்த மக, அவ்வளவுதான். பங்காளிக எல்லாம் சென்னை, கோலாலம்பூர்னு இருந்தாக, படைப்புக்கும் (வீட்டு முன்னோருக்குப் படைச்சுக் கும்பிடுறது) கல்யாணத்துக்கும் மட்டும் வருவாக. (இன்னமும் எனக்குப் புருஷனை 'அவுக'ன்னுதான் வருது. நாக்குப் பழக்கம். மரியாதைன்னு எடுத்துக்க வேண்டாம்.)

செட்டிநாட்டு நகரத்தார் எங்கள்ல மகனுக்குக் கல்யாணமானா வேறு வைக்கிறது வழக்கம். ஒரே வீட்டுல இருந்தாலும் தனி அடுப்பு, தனிக் கணக்கு. அவுக வேறு போகமாட்டேன்னுட்டாக. "ஆத்தாவத் தனியா விட்டுட்டுப் பொங்கித் திங்கச் சொல்றியா?" ஊரே மெச்சுச்சு, நானும்தான். எனக்குன்னு ஒரு அடுப்பு இல்லைன்னா எனக்குன்னு ஒரு கணக்கும் இல்லைங்கறது பின்னாடிதான் உறைச்சுது. உப்பு வாங்கவும் கேக்கணும்.

அப்புறம் கேமரா. பழைய வீடுகள்ல தூணு, வெள்ளிச் சாமான்னு களவு போறது உண்டுதானே, அதைச் சொல்லி அஞ்சு கேமரா வச்சாக. களவாணி வந்தானோ இல்லையோ, அவுக சென்னைக்குப் போன அன்னைக்குப் பத்து நிமிஷத்துக்கு ஒரு போன். "பட்டாலையில நாற்காலி ஏன் திரும்பிக் கெடக்கு? யாரு வந்தது?" திருப்பிப் போட்டது பூனை.

ஆனா என்னைச் சாச்சது கேமரா இல்லை, சாவி.

எங்க அறைச் சாவி ஒரு சாண் நீளம், பழைய இரும்பு. தினமும் மாடக்குழியிலதான் வைப்பேன். காலையில இருக்காது. அவுக அமைதியாக் கேப்பாக, "சாவிய எங்க வச்ச?" தேடுவேன். அரிசி டிரம்முக்குள்ள கெடக்கும். ஒரு தடவை பூஜைச் சாமான் பெட்டிக்குள்ள, இன்னொரு தடவை மகளோட ஸ்கூல் பையில. ஒரு வார்த்தை திட்டமாட்டாக. என் தலையைத் தடவி, "மறதி. ஒங்க ஆயாவுக்கும் கடைசியில இப்படித்தானே ஆச்சு"ம்பாக. கேஸை அணைச்சுட்டுப் படுத்திருப்பேன், எழுந்து பாத்தா எரியும். மகளுக்குக் காய்ச்சல்னு நான் சொன்னதையே சொல்லலைம்பாக. கடைசியில டாக்டர்கிட்ட கூட்டிப் போனாக. டாக்டர் என்னைக் கேட்டதுக்கெல்லாம் அவுக பதில் சொன்னாக. ரெண்டு மாத்திரை எழுதித் தந்தார். அதைப் போட்டா மதியம் மூணு மணிக்கும் தூக்கம்.

மூணு வருஷம். எனக்கே நம்பிக்கை போயிருச்சு. அடுப்பை அணைச்சுட்டு விரலால தொட்டுப் பாப்பேன், அப்புறம் தொட்டது ஞாபகம் இருக்கான்னு சந்தேகம் வரும்.

ஆத்தங்குடித் தரைக் கல்லுக்கு மெருகு ஏத்த நாங்க தேங்கா எண்ணெய் தொட்டுத் துடைப்போம் இல்லையா, ஒரு வெள்ளிக்கு மொத நா சாயங்காலம் வேலைக்கு வர்ற அக்காவும் நானும் வளவுத் தாழ்வாரம் பூராத் துடைச்சோம். எண்ணெய் கொஞ்சம் கூடிப்போச்சு. விடியக்காலையில எழுந்து வந்தா, வளவுக்குள்ள சாஞ்சு விழுந்த வெளிச்சத்துல தரையில தடம். எங்க அறை வாசல்ல இருந்து அரிசி அறைக்கு, அங்க இருந்து திரும்ப எங்க வாசலுக்கு. பெருவிரலை விட அடுத்த விரல் நீளமா இருக்குற கால். எனக்கு அப்படி இல்லை, மாமியாவுக்கும் இல்லை. பக்கத்துல என் காலை வச்சுப் பாத்தேன். குத்தவச்சு ரொம்ப நேரம் பாத்தேன். அப்புறம் அரிசி டிரம்மைத் திறந்தேன், சாவி இருந்துச்சு.

முந்தானையால அந்தத் தடத்தை நானே துடைச்சேன். நான் பாத்தது அவுகளுக்குத் தெரியக்கூடாதுன்னு அந்த நிமிஷத்துல எப்படித் தோணுச்சுன்னு இன்னமும் தெரியலை. அழுகை வரலை. சிரிப்புத்தான் வந்துச்சு, வாயைப் பொத்திக்கிட்டேன். அவுக எழுந்து வந்து, "சாவிய எங்க வச்ச?"ன்னாக. நானும் பத்து நிமிஷம் தேடுற மாதிரித் தேடினேன்.

மாத்திரையை அன்னையில இருந்து முழுங்குறதில்லை. (நான் செஞ்சதைச் செய்யாதீங்க. சில மாத்திரையைப் பட்டுனு நிறுத்தினா உடம்பு படுத்தும். தனியா ஒரு டாக்டரைப் பாத்துக் கேட்டு நிறுத்துங்க.) எழுத ஆரம்பிச்சேன். போன்ல எழுத முடியாது, தெனம் வாங்கிப் பாப்பாக. பால் கணக்கு நோட்டை யாரும் பாக்குறதில்லை. சாவி நகர்ந்தா "தயிர் அரை", ஆயாவை இழுத்துப் பேசினா "மோர்", பணம் கேட்டு இல்லைன்னா "பால் வரலை". எட்டு மாசம் எழுதினேன். பின்னாடி அந்த நோட்டைப் பாத்த வக்கீலம்மா, "இத ஜட்ஜுக்கு எந்த அகராதி வச்சுச் சொல்றது?"ன்னு கேட்டாங்க. சரிதான். ஆனா அது ஜட்ஜுக்காக எழுதினது இல்லை. எனக்குப் பைத்தியம் இல்லைன்னு ராத்திரி ராத்திரி எனக்கே காட்டிக்கிட்டது.

படைப்புக்கு அண்ணமிண்டி (அவுக அண்ணன் பொண்டாட்டி) கோலாலம்பூர்ல இருந்து வந்தாக. அதிகம் பேசாத மனுஷி. இரண்டாம் கட்டுல வெங்காயம் உரிச்சுக்கிட்டிருந்தோம். தலை நிமிராமக் கேட்டாக.

"சாவி தொலையுதா ஒனக்கு?"

எனக்குக் கை நின்னுபோச்சு.

"எனக்கும் கொஞ்ச நா தொலஞ்சுச்சு. எம் மாமனார் இருந்த வரைக்கும் மாமியாவுக்கும் தொலஞ்சுச்சாம். நாங்க கடல் தாண்டிப் போயிட்டோம். நீ எங்க போவ?"

அதுக்கு மேல ஒண்ணும் சொல்லலை. உரிச்ச வெங்காயத்தைக் கழுவப் போயிட்டாக.

அன்னைக்கு மதியம் கிணத்தடியில வேலைக்கார அக்கா போன்ல இருந்து பெண்கள் உதவி எண் 181-க்குப் பேசினேன். எடுத்தவங்க மொதல்ல கேட்டது, இப்பப் பேசுறது பாதுகாப்பான்னுதான். மாவட்டத்துல பாதுகாப்பு அலுவலர் இருக்காங்க, போக இடமில்லைன்னா ஒருங்கிணைந்த சேவை மையத்துல சில நாள் தங்கலாம்னாங்க. என்னைப் பெத்த ஆத்தா வீட்டுக்குப் போயிடலாம்னு நெனச்சிருந்தேன். "அவர் மொதல்ல எங்க வந்து தேடுவார்?"னு கேட்டாங்க. அப்பத்தான் திருச்சியில இருக்குற பள்ளிக்கூடத் தோழி ஞாபகம் வந்தா. அவளை அவுகளுக்குத் தெரியாது.

படைப்பு அன்னைக்கு வீட்டுல அறுபது பேர். அஞ்சு கேமராவிலயும் தலைதான் தெரியும். என் போனை சார்ஜ்ல போட்டுத் தலகாணிக்கடியில வச்சேன், மேப்புல நான் வீட்டுலதான் இருப்பேன். அறையைப் பூட்டி, சாவியை இடுப்புல செருகினேன். ரெண்டு ஆதார், மகளோட பிறப்புச் சான்றிதழ், பாஸ்புக், பால் நோட்டு. இது பூராவும் ஒரு ஓலைக் கொட்டானுக்குள்ள, மேல வெத்தலை. பின்கட்டு வாசல்ல சமையக்காரர் வேன் அண்டாவை ஏத்திக்கிட்டு நின்னுச்சு. "தம்பி, காரைக்குடி பஸ் ஸ்டாண்டுல எறக்கி விடுறீகளா, பிள்ளைக்கு மருந்து வாங்கணும்"னேன். மக என் மடியில, எங்களைச் சுத்தி அண்டா. வேன் திரும்புற வரைக்கும் நான் பின்னால பாக்கவே இல்லை. மகதான் பாத்தா, அப்பாவை அவ அப்பச்சின்னுதான் கூப்பிடுவா. "அப்பச்சி வரலியாத்தா?"ன்னா.

திருச்சி பஸ் திருமயம் தாண்டுறப்பத்தான் மூச்சு விட்டேன்.

கண்மாய்க்கரை:

வக்கீல் குமாஸ்தாவாகப் பல வருடம் இருந்தவன். மேலே எழுதிய ஆச்சிக்கு வணக்கம். சட்டத்தை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன்.

'அடிக்கவே இல்லையே, எப்படி வழக்குப் போடுவது?' என்று எங்கள் மேசைக்கு முன்னால் தயங்கி நின்ற பெண்கள் ஏராளம். 2005-ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டம் (நடைமுறைக்கு வந்தது 2006 அக்டோபர் 26) உடல், பாலியல் வன்முறையோடு சொல்லால், மனத்தால் செய்யும் கொடுமையையும், பணத்தைப் பிடுங்கி முடக்குவதையும் வன்முறை என்றே சொல்கிறது. காயம் தேவையில்லை. பாதுகாப்பு அலுவலரிடம் சொன்னால் படிவம் 1-இல் அறிக்கை எழுதி நடுவர் நீதிமன்றத்துக்கு அனுப்புவார். நேரடியாகவும் மனுப் போடலாம். முதல் விசாரணை சாதாரணமாக 3 நாளில், தீர்ப்பு 60 நாளுக்குள் என்று சட்டம் ஆசைப்படுகிறது. வாய்தா வாங்குகிறவர்களுக்கு அந்த ஆசை இல்லை. ஆகவே 23-ஆம் பிரிவில் இடைக்கால உத்தரவை முதலிலேயே கேளுங்கள். பாதுகாப்பு உத்தரவை மீறினால் ஓராண்டு வரை சிறை அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமானம் பாராமல் இலவச வக்கீல் உண்டு. ரேஷன் கார்டின் நிறத்தைக் கேட்டால் 1987 சட்டத்தின் 12-ஆம் பிரிவைச் சொல்லுங்கள்.

செட்டிநாட்டுக்காரர்களுக்குத் தனியாக ஒன்று. கல்யாணத்தில் கொடுத்த சாமானுக்குச் சிட்டை எழுதுவீர்களே, அதைத் தூக்கிப் போடாதீர்கள். சீதனம் மனைவிக்கே சொந்தம், கணவன் கையில் இருந்தாலும் அவன் வெறும் காப்பாளன்தான் என்று உச்ச நீதிமன்றம் 1985-லேயே சொல்லிவிட்டது. என்னென்ன கொடுத்தோம் என்று காட்ட முடியாமல்தான் மற்ற ஊர்ப் பெண்கள் திண்டாடுகிறார்கள்.

முகப்பு:

தப்பா நெனக்காதீங்க, ரெண்டு பக்கமும் கேக்கணும்ல? வீட்டுப் பெரியவங்க உக்காந்து பேசினா தீராததா?

பட்டாலை:

ஐயா, நான் அப்படி உக்காந்த பெரியவன்தான். என் தங்கச்சி விஷயத்துல. அவ பேசுறப்ப நடுங்கினா, முன்னுக்குப் பின் முரணாச் சொன்னா. மாப்பிள்ளை தெளிவாப் பேசினார், தேதி நேரத்தோட. பேச்சுக்கு நடுவுல கண்ணும் கலங்கினார். நாங்க ஏழு ஆம்பளைங்களும் தெளிவாப் பேசினவரை நம்பினோம். அவகிட்ட, "அனுசரிச்சுப் போம்மா"ன்னேன். ரெண்டு வருஷம் கழிச்சு ராத்திரி பதினொரு மணிக்கு அவளே ஆட்டோ பிடிச்சு வந்து கதவைத் தட்டினா. "அண்ணே, இன்னைக்கும் பஞ்சாயத்துப் பேசுவியா?"ன்னா. நடுங்குறவ பொய் சொல்றான்னு எனக்கு யார் சொல்லிக் குடுத்தான்னு இன்னமும் யோசிக்கிறேன்.

தேவகோட்டைக்காரி:

இரண்டாங்கட்டு ஆச்சி, ஒண்ணு கேக்கலாமா? அந்த வீட்டுலயே இருக்க உரிமை கேட்டிருக்கலாமே?

இரண்டாங்கட்டு:

கேட்டிருக்கலாம். 17-ஆம் பிரிவுல இருக்குன்னு வக்கீலம்மாவும் சொன்னாங்க. ஆனா அந்த அறையில எனக்குத் தூக்கம் வராது. ஒவ்வொருத்தருக்கு ஒவ்வொண்ணு. ஜீவனாம்சம், மக என்கிட்ட இருக்கறது, என் சாமான், இந்த மூணுதான் கேட்டேன். ஒரு வருஷத்துக்கு மேல இழுத்துச்சு. அதுக்குள்ள எனக்கு 'மனநிலை சரியில்லை'ன்னு மாத்திரைச் சீட்டைக் கோர்ட்டுல காட்டினாக. திருச்சியில நான் தனியாப் பாத்த டாக்டர் வேற மாதிரி எழுதிக் குடுத்தார்.

சாமானைத் திருப்பித் தரச் சொல்லி உத்தரவு வந்த பிறகு, பாதுகாப்பு அலுவலர், ஒரு பெண் போலீஸ், நான், ஆத்தா நாலு பேரும் போனோம். கேமரா அப்படியே இருந்துச்சு. மாமியா முகப்புல உக்காந்திருந்தாக, என்னை நிமிர்ந்து பாக்கலை. ஆத்தா மடியில இருந்து சிட்டையை எடுத்தாக. ஆத்தா கையெழுத்து, பதினோரு வருஷத்துக்கு முந்தினது, மடிப்புல கிழிஞ்சு டேப் ஒட்டினது.

சாமான் எங்க அறையிலதான் இருக்கு, ஆனா பூட்டியிருக்கு, சாவி காணோம்னாக அவுக. அதே அமைதியான குரல். "அவதான் எங்கயாச்சும் வச்சிருப்பா. மறதி அதிகம்."

நான் கைப்பையைத் திறந்து சாவியை எடுத்தேன். பெண் போலீஸ் அதை வாங்கிக் கையில எடை பாத்து, "இவ்வளவு பெரிய சாவியா?"ன்னாங்க.

ஆத்தா படிக்கப் படிக்க ஒவ்வொண்ணா வளவுல எடுத்து வச்சோம். பித்தளை அண்டா ரெண்டு. எவர்சில்வர் தூக்கு ஆறு. வெள்ளிக் குத்துவிளக்கு ஒரு ஜோடி. பாய் பன்னெண்டு. வெள்ளிக் கெண்டி மட்டும் இல்லை. அலுவலர் அதைத் தனியாக் குறிச்சு, அவுககிட்ட கையெழுத்து வாங்கினாங்க.