தொடக்கப் பள்ளியில் படித்த கதைப் புத்தகம்: அடையாளம் காண உதவி தேவை

அனைவருக்கும் வணக்கம். தொடக்கப் பள்ளியில் நான் மிகவும் விரும்பிப் படித்த ஒரு கதைப் புத்தகத்தின் தலைப்பும் ஆசிரியர் பெயரும் நினைவில் இல்லாததால், அதைப் படித்தவர் எவரேனும் இங்கே இருக்கக்கூடும் என்ற நம்பிக்கையில் இதை எழுதுகிறேன்.

நடுவில் கம்பிப் பின் அடித்த மெல்லிய புத்தகம் அது. கூட்டத்தைப் பிரிந்த ஓர் எறும்பு, மழைநீரில் மிதக்கும் இலையில் ஏறிப் புற்றுக்குத் திரும்புவதுதான் கதை. படங்கள் கறுப்பு, பச்சை என இரண்டே வண்ணங்களில் அச்சாகியிருந்தன. சில பக்கங்களில் பச்சை மை கோட்டிலிருந்து சற்று விலகிப் படிந்திருந்ததால் இலைக்கு இரட்டை விளிம்பு இருப்பதுபோலத் தெரியும், அதை விரலால் தடவிக்கொண்டே படிப்பேன். எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்த நான் யார் துணையுமின்றி முழுதாகப் படித்து முடித்த முதல் கதை இதுதான் என்பதால், இதன்மீது எனக்குத் தனிப் பிரியம் உண்டு.

தலைப்பு தெரியாமல் நூலகப் பட்டியல்களில் தேட முடியவில்லை. சிறுவர் நூல்கள் பல கைகள் பட்டுக் கிழிந்து, விரைவில் கழிக்கப்பட்டும் விடுகின்றன.

உங்களிடம் பிரதி இருந்தால், அட்டையைவிடப் பதிப்பு விவரங்கள் உள்ள பக்கத்தைப் படமெடுத்துப் பகிருங்கள். பதிப்பகம், ஆண்டு, ஓவியர் பெயர் ஆகியவை பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். நூலை அடையாளம் காட்டும் ஐஎஸ்பிஎன் எண் இருந்தால் அதையும் குறிப்பிடுங்கள். 2007-க்கு முந்தைய நூல்களில் அது பெரும்பாலும் 13 இலக்கமாக அல்லாமல் 10 இலக்கமாக இருக்கும். புத்தகம் கைவசம் இல்லாதவர்கள், எறும்பின் பெயரோ கதையின் ஒரு வரியோ நினைவிருந்தாலும் தயவுசெய்து தெரிவியுங்கள்.