46 எம்பி இல்லாமல் டைனி கோர் எழாது, எத்தனை முறை சொல்வது?

கர்னல்காரன்:
பழைய கணினிக்கு உயிர் கொடுப்பது பற்றி ஒரு கட்டுரை சுற்றிக்கொண்டிருக்கிறது. 32 எம்பி ரேம் உள்ள பெட்டியில்கூட டைனி கோர் லினக்ஸ் என்ற மிகச் சிறிய இயங்குதளம் ஓடுமாம், ரேம் போதாவிட்டால் ஸ்வாப் (வட்டில் ரேமுக்குப் பதிலாக ஒதுக்கும் இடம்) கொடுத்தால் தீர்ந்ததாம். எழுதியவர் ஒரு முறையாவது போட்டுப் பார்த்தாரா? டைனி கோர்க்காரர்களே தங்கள் கேள்வி-பதில் பக்கத்தில் குறைந்தபட்சம் 46 எம்பி என்று போட்டிருக்கிறார்கள். அதற்குக் கீழே எவ்வளவு ஸ்வாப் கொடுத்தாலும் பூட் ஆகாது என்றும் சேர்த்தே சொல்லியிருக்கிறார்கள். கட்டுரையை நம்பிப் பெட்டியைத் தூசு தட்டுகிறவர்கள் பாவம்.

பழையபெட்டி:
அதே பக்கத்தில் 28 என்றும் இருக்கிறதே, அது கண்ணில் படவில்லையா? வரைகலை இல்லாமல் கட்டளை வரி மட்டும் தரும் கோர் என்ற பதிப்பு 28 எம்பியில் எழும். 32 என்பது 28ஐ விடப் பெரிய எண் என்றுதான் எனக்குப் பள்ளியில் சொல்லிக்கொடுத்தார்கள்.

கர்னல்காரன்:
கட்டுரையில் போட்டிருக்கும் படத்தைப் பாருங்கள். கீழே ஐகான் வரிசை, நடுவில் ஜன்னல். அது டைனி கோர், வெறும் கோர் இல்லை. ஆகவே 46.

முனையம்வாசி:
நண்பர்களே, ஓடும் என்று எதைச் சொல்கிறீர்கள்? கட்டளை வரி வந்தால் போதுமா, மேசைத் திரை வரவேண்டுமா, உலாவி திறக்கவேண்டுமா? அதை முதலில் பேசிவிட்டால் பாதிச் சண்டை இருக்காது.

பழையபெட்டி:
கர்னல்காரன், ஸ்வாப் எதற்கு இருக்கிறது? ரேம் நிறைந்தால் பக்கங்களை வட்டுக்குத் தள்ளத்தானே? 32 எம்பி பென்டியத்தில் நானே ஸ்வாப் போட்டு ஓட்டியிருக்கிறேன். மெதுவாக வந்தது, ஆனால் வந்தது.

கர்னல்காரன்:
வந்திருக்காது. ஏன் என்று சொல்கிறேன், நிதானமாகப் படியுங்கள். இயங்குதளத்தை ஏற்றும் நிரலான பூட்லோடர் முதலில் இரண்டு கோப்புகளை ரேமில் ஏற்றுகிறது. ஒன்று இயங்குதளத்தின் மையமான கர்னல், இன்னொன்று அடிப்படைக் கோப்புகளைச் சுருக்கி வைத்த கோர்.ஜிஇசட். கர்னல் எழுந்தவுடன் அந்தச் சுருக்கிய கோப்பை விரித்து ரேமிலேயே கோப்பு முறைமையாக வைக்கிறது. விரிக்கும் நேரத்தில் சுருக்கியதும் விரித்ததும் ஒரே சமயத்தில் ரேமில் உட்கார்ந்திருக்கும். மொத்த பூட்டிலும் அதிக ரேம் கேட்கும் கட்டமே அதுதான். அந்த நேரத்தில் ஸ்வாப் எங்கே? வட்டை இன்னும் யாரும் தொடவே இல்லை. கர்னல் முதலில் ஓட்டும் நிரலான இனிட் ஓடி, அது ஸ்வாப்ஆன் கட்டளை கொடுத்த பிறகுதான் ஸ்வாப் என்ற ஒன்று உண்டு. அதுவரை வட்டில் உங்கள் ஸ்வாப் பிரிவு ஒரு ஜிபியாக இருந்தாலும் பூஜ்யம்தான். 46 என்றால் 46.

பழையபெட்டி:
பாடத்துக்கு நன்றி. நான் ஓட்டினேன் என்று சொல்கிறேன், நீங்கள் ஓட்டியிருக்க முடியாது என்று விளக்கம் எழுதுகிறீர்கள்.

நள்ளிரவுப்பயனர்:
நடுவில் ஒன்று. ஆரம்ப காலத்தில் டைனி கோரின் நிறுவும் படிமக் கோப்பே 10 எம்பி அளவுதான். இப்போது 20ஐத் தாண்டிவிட்டது. அந்த 46 பழைய பதிப்புக்கு எழுதியது. இன்றைய பதிப்புக்கு 46கூடப் போதுமா என்பது சந்தேகம். 128 எம்பியும் கொஞ்சம் ஸ்வாப்பும் என்று அவர்களே பரிந்துரைக்கிறார்கள், அதையே வைத்துக்கொள்வது நல்லது.

கர்னல்காரன்:
அப்படியென்றால் என் கட்சி இன்னும் பலமாகிறது. 46க்குக் கீழே கிடையாது.

பழையபெட்டி:
பலமாகிறதா? இவ்வளவு நேரம் 46 போதும் என்று சொன்னது யார்?

கர்னல்காரன்:
46 போதும் என்று சொல்லவில்லை. 46 இல்லாமல் முடியாது என்றேன்.

உலாவிப்பிரியை:
பூட் ஆகி என்ன செய்யப் போகிறீர்கள்? பென்டியம் 3 மாதிரி பழைய சில்லில் எஸ்எஸ்இ2 என்ற கட்டளைத் தொகுதி கிடையாது. இன்றைய ஃபயர்ஃபாக்ஸ், குரோம் இரண்டுக்கும் அது கட்டாயம். ரேமை 512 ஆக்கினாலும் அந்தப் பெட்டியில் அவை திறக்காது. டில்லோ மாதிரி சின்ன உலாவியில் எளிய பக்கங்களை மட்டும் படிக்கலாம். கூடவே பழைய தாய்ப்பலகையில் கடிகாரத்தை ஓட்டும் சீமாஸ் பேட்டரி செத்திருந்தால் தேதி பின்னால் போய்விடும், பாதுகாப்புச் சான்றிதழ் எல்லாம் செல்லாது என்று தளங்கள் திறக்காது. கட்டுரையைக் குறை சொல்வதானால் இதைச் சொல்லுங்கள்.

கர்னல்காரன்:
உலாவி வேறு விஷயம் அம்மா. பூட்டே ஆகாத பெட்டியில் உலாவிக்கு என்ன வேலை?

பழையபெட்டி:
இவர் இப்படித்தான். பென்டியம் எம் மடிக்கணினி பற்றிப் பேசியபோதும் அந்தச் சில்லில் பிஏஇ (4 ஜிபிக்கு மேல் ரேமைக் கையாளும் வசதி) இல்லை என்று அடித்துச் சொன்னார். உண்மையில் இருக்கிறது, ஆரம்ப கால பென்டியம் எம் அதை அறிவிப்பதில்லை, அவ்வளவுதான். உபுண்டு 12.10இல் பிஏஇ இல்லாத கர்னலைக் கைவிட்ட பிறகு பலர் தவித்தார்கள். 14.04இல் ஃபோர்ஸ்பிஏஇ என்று பூட் வரியில் சேர்த்தால் போதும் என்று வந்தது. அன்றைக்கும் ஐயா ஒத்துக்கொள்ளவில்லை.

கர்னல்காரன்:
சில் தன் வசதிகளை அறிவிக்கும் ஃபிளாக் பட்டியலில் இல்லாததை இல்லை என்றுதான் சொல்ல முடியும். அதை ஏன் இங்கே இழுக்கிறீர்கள்? ஸ்வாப் கேள்விக்குப் பதில் வரவில்லை.

பழையபெட்டி:
பதில் முதலிலேயே சொல்லிவிட்டேன். ஓட்டினேன்.

கர்னல்காரன்:
எந்தப் பதிப்பு? படம் இருந்தால் போடுங்கள், ரேம் கணக்கைக் காட்டும் ஃப்ரீ கட்டளையின் விடையும் அதில் தெரியவேண்டும். மொத்த ரேம் 46க்குக் கீழே, மேலே ஜன்னலும் திறந்திருக்கவேண்டும்.

பழையபெட்டி:
அந்தப் பெட்டி இப்போது என்னிடம் இல்லை.

கர்னல்காரன்:
தெரிந்ததுதான்.

நள்ளிரவுப்பயனர்:
சரி, வேறொன்று கேட்கிறேன். என் பலகையின் பயாஸில் (கணினியை எழுப்பும் முதல் நிரல்) யூஎஸ்பி பூட் கிடையாது, சிடி டிரைவும் படிக்கவில்லை. 64 எம்பி இருக்கிறது. எப்படி ஏற்றுவது?

முனையம்வாசி:
பிளாப் பூட் மேனேஜர் என்ற சிறு பூட் நிரலை ஃபிளாப்பியில் எழுதி அதிலிருந்து யூஎஸ்பிக்குத் தாவலாம், போர்ட்டை அது அடையாளம் கண்டால்.

பழையபெட்டி:
அதைவிட எளிது, ஹார்ட் டிஸ்கைக் கழற்றி வேறு கணினியில் மாட்டுங்கள். கர்னலையும் கோர்.ஜிஇசட்டையும் நகலெடுத்து கிரப் என்ற பூட்லோடரை எழுதிவிடுங்கள். டைனி கோரில் நிறுவுதல் என்பதே அவ்வளவுதான்.

கர்னல்காரன்:
எந்த கிரப்? பழைய 0.97 எக்ஸ்ட்4 கோப்பு முறைமையைப் படிக்காது. எக்ஸ்ட்2 போடச் சொல்லியிருக்கவேண்டும். அரைகுறை ஆலோசனை.

பழையபெட்டி:
எக்ஸ்ட்4 என்று நான் எங்கே எழுதினேன்?