கார்டுல ஓடுது, டைம்லைன்ல வரல: நீங்க பார்த்த கேஸ் சொல்லுங்க

ஈரோடு எடிட்டர்:

கல்யாண வீடியோ எடிட் பண்ற எனக்கு முகூர்த்த சீசன்ல வர்ற போன்ல பாதி "அண்ணே, மெமரி கார்டு கரப்ட் ஆயிடுச்சு"ன்னுதான் ஆரம்பிக்கும். கேமராவுல ஓடுற படம் டைம்லைன்ல, அதாவது எடிட்டிங் சாஃப்ட்வேர்ல கிளிப்பை வரிசையா அடுக்குற இடத்துல, ஒழுங்கா வராது. வாங்கிப் பார்த்தா கார்டு நல்லாத்தான் இருக்கும். கார்டுலேர்ந்து ஹார்ட் டிஸ்க்குக்கு வர்ற வழியிலதான் ஏதோ நடந்திருக்கும். நான் பார்த்ததுல ஒண்ணு சொல்றேன், நீங்களும் சொல்லுங்க.

பக்கத்து ஊர்ல ஒரு ட்ரெடிஷனல் வீடியோக்காரர். இன்னும் பழைய ஏவிசிஎச்டி (பழைய ஹெச்டி கேமராக்கள் வீடியோவை எழுதுற ஒரு முறை) கேம்கார்டர்தான் வெச்சிருக்கார். முகூர்த்தத்துல ஒரு ஷாட் விட மாட்டார், அதனாலயே அவரைக் கூப்பிடுறாங்க. அவர் குடுத்தனுப்பின ஃபுட்டேஜ்ல, சரியா தாலி கட்டுற இடத்துல, கெட்டிமேளம் உச்சத்துல இருக்கும்போது சத்தம் சட்டுனு அறுந்து திரும்ப வந்துச்சு. கண் சிமிட்டுற நேரம்தான். வேற எங்கயாவதுன்னா பாட்டைப் போட்டு மறைச்சிடலாம். கெட்டிமேளத்துல எதைப் போட்டு மறைக்கிறது?

மைக் வயரா இருக்கும்னு அவர் சொன்னார். ஃபோல்டரைத் திறந்தா 00000.எம்டிஎஸ், 00001.எம்டிஎஸ்னு வரிசையா வீடியோ ஃபைல் மட்டும் கிடக்கு, வேற எதுவுமே இல்ல. காப்பி பண்ண பையனைக் கேட்டேன். "குட்டிக் குட்டி ஃபைலா நிறைய இருந்துச்சுண்ணே, எல்லாம் சில கேபிதான். அதெல்லாம் எதுக்குன்னு வீடியோவை மட்டும் எடுத்துட்டேன்" அப்படின்னான். பையனைத் திட்ட மனசு வரல. அவனுக்கு யாரும் சொல்லிக் குடுக்கலயே.

நீளமான ரெக்கார்டிங்கை இந்தக் கேமராக்கள் ஒரே ஃபைலா எழுதாது. எஃப்ஏடி32 முறையில ஃபார்மேட் பண்ணின கார்டுல 4 ஜிபி அளவுக்கு ஒரு ஃபைல் இருக்கவே முடியாது. ஏவிசிஎச்டி கேமரா நிறைய 2 ஜிபியிலயே வெட்டிடும். வெட்டு எங்க விழும்னு மேளத்துக்கும் தெரியாது, ஐயருக்கும் தெரியாது. எந்தத் துண்டுக்கு அடுத்து எந்தத் துண்டுங்கிற கணக்கு பிளேலிஸ்ட், கிளிப்இன்ஃப் ஃபோல்டர்ல இருக்கிற அந்தக் குட்டி ஃபைல்கள்லதான் இருக்கு. அது இல்லாம ஒவ்வொரு எம்டிஎஸ்ஸா இம்போர்ட் பண்ணினா, ஓரத்துல இருக்கிற கொஞ்சம் சத்தத்தையும் படத்தையும் சாஃப்ட்வேர் முழுங்கிடும்.

நல்லவேளை, அடுத்த கல்யாணத்துக்கு கார்டை ஃபார்மேட் பண்றதுக்குள்ள போன்ல பிடிச்சுட்டேன். கார்டுல இது எல்லாத்தையும் உள்ள வெச்சிருக்கிற பிரைவேட் ஃபோல்டரை அப்படியே முழுசா எடுத்து, ப்ரீமியர்ங்கிற எடிட்டிங் சாஃப்ட்வேர்ல மீடியா பிரவுசர் வழியா உள்ள கொண்டுவந்தா முகூர்த்தம் முழுக்க ஒரே கிளிப். மேளம் அறுபடவே இல்ல.

கார்டை ஏற்கெனவே ஃபார்மேட் பண்ணிட்டாங்கன்னாலும் ஒரு வழி இருக்கு. விண்டோஸ் கமாண்ட் ப்ராம்ப்ட்ல காப்பி கட்டளைக்கு ஸ்லாஷ் பி போட்டு, ரெண்டு எம்டிஎஸ்ஸுக்கு நடுவுல கூட்டல் குறி வெச்சு ஒட்டிடலாம். ரெண்டும் ஒரே ரெக்கார்டிங்கோட துண்டா இருக்கணும், அவ்வளவுதான். மேக்ல பார்க்கிறவங்களுக்கு இன்னொண்ணு: ஏவிசிஎச்டி ஃபோல்டர் முழுசும் அங்க ஒரே ஃபைல் மாதிரிதான் தெரியும். "ஒண்ணுதான் இருக்கு, மீதியெல்லாம் போச்சு"ன்னு ராத்திரி பதினோரு மணிக்கு அழுத ஆளும் உண்டு.

பழைய டிவிக்காரன்:

டிவி கேமராவுல போடுற பி2 கார்டுலயும் இதே கதைதான் தலைவரே. கன்டென்ட்ஸ் ஃபோல்டருக்குள்ள வீடியோ தனி எம்எக்ஸ்எஃப் ஃபைல், ஆடியோ தனி எம்எக்ஸ்எஃப் ஃபைல். பெரிய ஃபைலா பார்த்து வீடியோ ஃபோல்டரை மட்டும் ஒருத்தர் அள்ளிக்கிட்டு வந்தார். அமைச்சர் பேட்டி, ஊமைப்படம்.

வால்பாறை ரைடர்:

நம்மளது கல்யாணம் இல்ல, பைக். ஃப்ரெண்டு ஒருத்தன் ஹெல்மெட்ல கோப்ரோ கேமரா மாட்டிக்கிட்டு ஆழியார்லேர்ந்து வால்பாறை ஏறினான். 40 கொண்டை ஊசி வளைவையும் எடுத்துட்டான். எடிட் பண்ண என்கிட்ட குடுத்தான். ஃபைல் பேர் வரிசையிலயே டைம்லைன்ல போட்டா, கொஞ்ச தூரம் மலை ஏறினவன் திடீர்னு மேல டீ எஸ்டேட்ல நிக்கறான், அப்புறம் திரும்பவும் கீழ, ஒன்பதாவது வளைவு வியூ பாயிண்ட்ல போட்டோ எடுத்துட்டு இருக்கான். நடுவுல ஃபுட்டேஜ் காணோம், கேமரா போச்சுன்னு ஒரே புலம்பல்.

ஒண்ணும் காணாமப் போகல. கோப்ரோ நீளமான ரெக்கார்டிங்கை சாப்டரா பிரிக்கும். ஜிஎக்ஸ்010034-க்கு அடுத்த துண்டு ஜிஎக்ஸ்020034. கடைசி நாலு எண்தான் ரெக்கார்டிங் நம்பர், அதுக்கு முன்னாடி இருக்கிற ரெண்டு எண் எத்தனாவது துண்டுன்னு சொல்லும். பேர்வாரியா அடுக்கினா 010034-க்குப் பின்னாடி 010035 வந்து உட்கார்ந்துக்கும். தேதி வாரியா அடுக்கினேன், வண்டி ஒழுங்கா மலை ஏறிடுச்சு.

திருச்சி சித்ரா:

ஈரோடு அண்ணா, எடியஸ்ங்கிற எடிட்டிங் சாஃப்ட்வேர்ல வேலை பண்றேன், ப்ரீமியரும் உண்டு. நான் பார்த்ததுல சிரிப்பா இருந்த கேஸ் இது. பொண்ணு வீட்டுக்கு ஒரு கேமரா, மாப்பிள்ளை வீட்டுக்கு ஒரு கேமரா, ரெண்டும் சோனி. ரெண்டு கார்டையும் புதுசா ஃபார்மேட் பண்ணிட்டு எடுத்ததால ரெண்டுலயும் சி0001-லேர்ந்து ஆரம்பம். ஸ்டூடியோவில கார்டை ரீடர்ல வெச்சபடியே நேரா இம்போர்ட் பண்ணி ரஃப் கட் பண்ணிட்டாங்க. கார்டை உருவினதும் எல்லாம் சிவப்பா மீடியா ஆஃப்லைன், ஃபைல் கிடைக்கலன்னு அர்த்தம். பதறிப்போய் ஹார்ட் டிஸ்க்ல இருந்த காப்பியோட ரீலிங்க், அதாவது திரும்ப இணைக்கிறது, குடுத்திருக்காங்க. சாஃப்ட்வேர் பேரைப் பார்த்து இணைச்சிடுச்சு.

ப்ராஜெக்ட் என் கைக்கு வந்தப்போ, மாப்பிள்ளை அழைப்பு, கார் கதவு திறக்குது, இறங்குறது யாருன்னு பார்த்தா பொண்ணுக்குக் கண்மை தீட்டிட்டு இருக்காங்க. பின்னாடி பேண்டு வாத்தியம். கஸ்டமர் பார்க்கலன்னு தெய்வத்துக்கு நன்றி சொன்னேன்.

அதுக்கப்புறம் எங்க ஆளுங்ககிட்ட சொல்லி வெச்சிருக்கேன்: கார்டுலேர்ந்து நேரா இம்போர்ட் கிடையாது, ஒவ்வொரு கேமராவுக்கும் தனி ஃபோல்டர். இந்த எம்பி4-க்கு பேரை மாத்தினாலும் ஓடும். ஏவிசிஎச்டில மட்டும் பேரைத் தொடாதீங்க. புது சோனி பாடிகள்ல வீடியோ ஃபைல் பேரோட டைட்டில் சேர்க்கிற செட்டிங்கே இருக்கு. பொண்ணு, மாப்பிள்ளைன்னு குறிச்சுட்டா தொல்லை விட்டுது.

விஸ்காம் மாணவன்:

அண்ணா, அக்கா, எங்க காலேஜ் கேஸ் வேற. சத்தம் வருது, படம் கறுப்பு. கேமராவுல 10 பிட் 4:2:2 (நிறத்தை நுணுக்கமா பதியிற செட்டிங்) வெச்சு எடுத்திருந்தாங்க, லேப்ல இருக்கிறது டாவின்சிங்கிற எடிட்டிங் சாஃப்ட்வேரோட இலவசப் பதிப்பு. சிஸ்டத்துல சீனியர் லினக்ஸ் வேற போட்டு வெச்சிருந்தார். லினக்ஸ்ல இலவசப் பதிப்பு எச்264-ங்கிற பரவலான வீடியோ வடிவத்தையே திறக்காது. ஷட்டர் என்கோடர்ங்கிற ப்ரோக்ராம்ல டிஎன்எக்ஸ்எச்ஆர் எச்க்யூஎக்ஸ்ங்கிற எடிட்டிங் வடிவமா மாத்தினோம். படம் வந்துச்சு, ஹார்ட் டிஸ்க்ல இடம் போச்சு. 100 எம்பிபிஎஸ்ல (நொடிக்கு 100 மெகாபிட்) எடுத்தா மணிக்கு 45 ஜிபிதான், மாத்தினதும் அது பல மடங்கு.

யாழ் கமராக்காரன்:

இஞ்ச சாமத்திய வீடு (மஞ்சள் நீராட்டு விழா) ஒண்டில நடந்தது. கமராவுக்கு கரண்ட் வயர் குடுத்து ஸ்டாண்டில விட்டிருந்தினம். ஒரு சின்னப்பெடியன் வயரில கால் தடக்கி, ரெக்கோட் ஓடிக்கொண்டிருக்கேக்கையே கமரா நிண்டிட்டுது. கார்ட்டில பெரிய ஃபைல் கிடக்கு, ஒண்டிலயும் திறக்குதில்லை. எம்பி4 இல அட்டவணை மாதிரி மூவ் எண்டு ஒரு பகுதி இருக்கு, கன கமராக்கள் அதை நிப்பாட்டேக்கதான் எழுதும். எழுத முந்தியே கரண்ட் போனா படம் எல்லாம் உள்ள இருக்கும், ஆனா எது எங்க எண்டு ஆருக்கும் தெரியாது.

முதல்ல கார்டை அதே கமராவுக்குள்ள திருப்பிப் போட்டுப் பாருங்கோ. சிலது தானே திருத்தட்டோ எண்டு கேக்கும். எங்களுக்கு அது சரிவரேல்லை. பிறகு அன்ட்ரங்க் எண்டொரு இலவச ப்ரோக்ராம். அதே கமராவில அதே செட்டிங்கில எடுத்த நல்ல ஃபைல் ஒண்டைக் குடுத்தா, அதைப் பார்த்து உடைஞ்சதுக்கு அட்டவணை கட்டும். கடைசிக் கொஞ்சம் தவிர எல்லாம் வந்தது. அதுவரைக்கும் அந்தக் கார்ட்டில ஒரு படம்கூட எடுக்க விடேல்லை, மாமா கெஞ்சினவர்.

ஈரோடு எடிட்டர்:

யாழ் அண்ணே, அந்த நல்ல ஃபைலோட செட்டிங் கொஞ்சம் மாறினாக்கூட படம் கட்டம் கட்டமா வரும், அதையும் சேர்த்துக்குங்க. சித்ரா, எடியஸ்ல ஏவிசிஎச்டியை சோர்ஸ் பிரவுசர் வழியா கொண்டுவாங்க, அங்கயும் ஒட்டின கிளிப்பாத்தான் வரும்.

இன்னொருத்தர் தனியா கேட்டிருந்தார், எல்லா கிளிப்பும் ரெண்டு ரெண்டா தெரியுது, பாதி எரர்னு. ஹார்ட் டிஸ்க் நடுவுல யாரோ ஒருத்தரோட மேக்ல போயிட்டு வந்திருக்கும். புள்ளியும் அடிக்கோடும் முன்னாடி வெச்சு, அதே பேர்ல, 4 கேபி அளவுல இருக்கிறதெல்லாம் மேக் எழுதினது. அளவைப் பார்த்துட்டு அதை மட்டும் அழிங்க, அசல் ஃபைல் பக்கத்துலயே பத்திரமா இருக்கும்.