நாலு கட்டடம், ஒரே நெட்வொர்க்: எந்தக் கம்பெனி சுவிட்ச் எடுக்கலாம்?

நூல்கண்டு:
திருப்பூர்ப் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு, கம்ப்யூட்டர் இரண்டையும் நான்தான் பார்க்கிறேன், ஐடி ஆள் என்று தனியாக யாரும் கிடையாது. வளாகத்துக்குள் நாலு கட்டடம்: ஆபீஸ், கட்டிங், தையல், கடைசியில் பேக்கிங்கும் குடோனும். ஆபீசிலிருந்து தையலுக்கு 140 மீட்டர், குடோனுக்கு 220 மீட்டர். கம்ப்யூட்டர் 35, கேமரா 40, பார்கோடு ஸ்கேனர் 12, அப்புறம் வைஃபை. இப்போது எல்லாமே சாதாரண லேன் கேபிள், நடுவில் வாட்ச்மேன் அறையில் ஒரு சின்னச் சுவிட்சை (நெட்வொர்க் கேபிள்களை ஒன்றாக இணைக்கும் பெட்டி) வைத்து இழுத்திருக்கிறார்கள். போன சித்திரையில் பக்கத்தில் எங்கோ இடி விழுந்து இரண்டு சுவிட்சும் கேமரா ரெக்கார்டரும் போய்விட்டன. முதலாளி இந்தத் தடவை ஒழுங்காகச் செய் என்கிறார். விலை கேட்டால் ஒருவர் சிஸ்கோ என்கிறார், இன்னொருவர் யூனிஃபை என்கிறார், தொகை இரண்டு மடங்கு வித்தியாசம். எதை எடுப்பது?

ரேக்மேஸ்திரி:
கம்பெனிப் பெயர் அப்புறம். முதலில் கட்டடத்துக்குக் கட்டடம் ஓடுகிற அந்தச் செப்புக் கம்பியைக் கழற்றுங்கள் தம்பி. லேன் கேபிளுக்கு எல்லை 100 மீட்டர், உங்கள் 220-ஐ நடுவில் வெட்டினாலும் பக்கத்துக்கு 110, கணக்கே உதைக்கிறது. அதைவிடப் பெரிய வம்பு, ஒவ்வொரு கட்டடத்து எர்த்தும் ஒரே அளவில் இருக்காது, இடி விழும்போது அந்த வித்தியாசம் முழுக்க உங்கள் லேன் கேபிள் வழியாகத்தான் பாயும். அதற்குப் பதில் ஃபைபர் போடுங்கள், அது கண்ணாடி இழை, ஒளிதான் போகும், மின்சாரம் போகாது.

ஃபைபரில் இரண்டு வகை, குறுந்தூரத்துக்கு மல்டிமோட், நெடுந்தூரத்துக்கு சிங்கிள் மோட். சிங்கிள் மோடே போடுங்கள். மல்டிமோட் ஓஎம்3 ரகம் என்றால் 10 ஜி (நொடிக்கு 10 ஜிகாபிட்) வேகத்துக்கு 300 மீட்டரோடு சரி, சிங்கிள் மோடில் எல்ஆர் மாட்யூல் (சுவிட்சில் செருகி ஃபைபரை மாட்டும் சின்னத் துண்டு) 10 கிலோமீட்டர் போகும். நாளைக்கு இன்னும் வேகம் வேண்டுமென்றால் இரண்டு முனையிலும் மாட்யூலையும் சுவிட்சையும் மாற்றினால் போதும், மண்ணைத் தொட வேண்டியதில்லை. இன்றைக்குத் தேவை 2 கோர் (இழை)தான், ஆனாலும் 12 கோர் இழுங்கள், செலவு கேபிளில் இல்லை, குழி தோண்டுவதில்தான். தோண்டும்போதே காலியாக இன்னொரு எச்டிபிஇ பிளாஸ்டிக் பைப்பையும் உள்ளே கயிறு விட்டுப் புதைத்துவிடுங்கள். ஆபீசிலிருந்து ஒவ்வொரு கட்டடத்துக்கும் தனித்தனி ஓட்டம், ஒன்றிலிருந்து ஒன்றுக்குச் சங்கிலியாகப் போகக் கூடாது. இரும்புக் கவசம் உள்ள கேபிள் என்றால் கட்டடத்துக்குள் நுழையும் இடத்திலேயே கவசத்துக்கு எர்த் கொடுக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் ஃபைபர் போட்டும் பழைய கதைதான்.

மொட்டைமாடி:
குழியே வேண்டாமே? மாடிக்கு மாடி வயர்லெஸ் பிரிட்ஜ் போட்டால் ஒரே நாளில் முடிந்துவிடும். 220 மீட்டரெல்லாம் ஒரு தூரமா.

ரேக்மேஸ்திரி:
முடியும், மறுக்கவில்லை. ஆனால் அதுவும் மாடியில் கம்பத்தின் உச்சியில் நின்று இடியைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும், அங்கிருந்து கீழே வருவதும் செப்புக் கேபிள்தான். நடுவில் பொதுச் சாலை இருந்து தோண்ட அனுமதி கிடைக்காதவர்களுக்கு அது சரி. சொந்த வளாகத்தில் மாற்று வழியாக ஒன்று வைத்துக்கொள்ளலாம், அவ்வளவே.

நூல்கண்டு:
நன்றி அண்ணா. 10 ஜி சுவிட்ச் கட்டாயம் வேண்டுமா? ஒருவர் கொட்டேஷனில் அதுதான் பாதி விலை.

ரேக்மேஸ்திரி:
கேமராவுக்கு 4 எம்பிபிஎஸ் (நொடிக்கு 4 மெகாபிட்) என்று வைத்தாலும் 40-க்கு 160தான். 1 ஜி என்றால் 1000 எம்பிபிஎஸ், தாராளம். கொட்டேஷனில் நீங்கள் பார்க்க வேண்டியது வேறு, பிஓஇ (லேன் கேபிள் வழியாகவே கேமராவுக்குக் கரண்டு கொடுக்கும் வசதி) மொத்த வாட். 24 போர்ட்டிலும் பிஓஇ பிளஸ் என்று அட்டையில் போட்டிருக்கும், போர்ட்டுக்கு 30 வாட் என்றால் 720 ஆகிறது, ஆனால் சுவிட்ச் மொத்தமாகத் தருவது 250 அல்லது 370ஆக இருக்கும். கேமரா பகலில் கம்மியாக இழுக்கும், இரவில் ஐஆர் விளக்கு எரிந்ததும் ஏறும், அப்போதுதான் ஒவ்வொன்றாக அணையும். எல்லாக் கேமராவின் உச்ச வாட்டையும் கூட்டி, அதற்கு மேல் கால் பங்காவது மிச்சம் இருக்கிற மாதிரி எடுங்கள்.

பஞ்சுத்தூசி:
நான் பத்து வருடம் மில்களில் இந்த வேலைதான் பார்த்தேன். யாருமே சொல்லாத ஒன்று, பஞ்சு. ஃபேன் உள்ள சுவிட்சைத் தையல் ஹாலில் வைத்தால் ஆறே மாதத்தில் உள்ளே மெத்தை தைத்துவிடலாம். அங்கே ஃபேன் இல்லாத மாடல், மூடிய ரேக், கட்டடத்துக்கு ஒரு யுபிஎஸ். அப்புறம் சுவிட்சில் ஆர்எஸ்டிபி (கேபிள் வட்டமாகச் சுற்றிக்கொண்டால் ஒரு வழியைத் தானாக அடைக்கும் வசதி) ஓடுகிறதா என்று பாருங்கள். ஒரு மில்லில் யாரோ தொங்கிக்கொண்டிருந்த கேபிளின் இரண்டு முனையையும் நல்ல எண்ணத்தில் சுவரில் இருந்த லேன் சாக்கெட்டுகளிலேயே செருகிவிட்டார்கள், அரை நாள் எல்லாக் கட்டடமும் படுத்துவிட்டது, காரணம் கண்டுபிடிக்க நான் பட்ட பாடு இருக்கிறதே. கேமராவைத் தனி விலேனில் (அதே சுவிட்சுக்குள் பிரித்து வைக்கும் தனி நெட்வொர்க்) போடுங்கள், கணக்குக் கம்ப்யூட்டரோடு கலக்க வேண்டாம்.

கம்பெனி என்று கேட்டால், ஐடி ஆள் இல்லாத இடத்துக்கு யூனிஃபை, ஒமாடா, அருபா இன்ஸ்டன்ட் ஆன் மூன்றில் எது உங்கள் ஊர்க் கடையில் மறுநாளே மாற்றிக் கிடைக்குமோ அது. மைக்ரோடிக் மலிவு, ஆனால் உட்கார்ந்து படிக்க வேண்டும். சிஸ்கோ நல்ல பொருள்தான், ஆண்டுச் சந்தா உள்ள மாடலா என்று மட்டும் எழுத்தில் கேளுங்கள். மிச்சமாகும் காசில் அதே மாடலில் ஒன்றைக் கூடுதலாக வாங்கி அலமாரியில் வைத்துவிடுங்கள்.

நூல்கண்டு:
முதலாளியிடம் சொன்னேன், குழிக்கா இவ்வளவு என்று கேட்டுவிட்டு, செத்துப்போன ரெக்கார்டரின் பில்லை எடுத்து வரச் சொன்னார். பில்லைப் பார்த்தபின் சம்மதம். திங்கட்கிழமை பொக்லைன் வருகிறது.

ரேக்மேஸ்திரி:
தோண்டுவதற்கு முன்னால் கரண்டு கேபிளும் தண்ணீர்க் குழாயும் எங்கே போகிறது என்று பழைய எலக்ட்ரீஷியனைக் கூட்டிவந்து கேட்டுவிடுங்கள். ஸ்பிளைசிங் (ஃபைபர் முனைகளை ஒட்டும் வேலை) முடிந்ததும் 12 கோருக்கும் ஓடிடிஆர் ரிப்போர்ட் (ஒளியை அனுப்பி ஃபைபரில் எங்கே பழுது என்று பார்க்கும் சோதனை) கைக்கு வராமல் கடைசித் தவணையைக் கொடுக்காதீர்கள்.