ஸ்டெப்னிக்குத் தமிழ் என்ன? வெள்ளிக்குள் வேண்டும்

குன்னூரிலிருந்து:
வணக்கம். சீசனுக்கு மலையேறி வரும் வண்டிக்காரர்களுக்காக ஒரு பக்கத் துண்டறிக்கை தயாராகிறது. பிரேக், கூலன்ட், டயர் காற்று, இறக்கத்தில் இரண்டாம் கியர் எல்லாம் எழுதியாயிற்று. 'மேட்டுப்பாளையத்திலேயே ஸ்டெப்னியைப் பார்த்துக்கொள்ளுங்கள்' என்ற வரியில் நிற்கிறேன். அச்சகம் வெள்ளி மதியம்வரைதான் பொறுக்கும். 'உபரிச் சக்கரம்' சரியா?

உதகையிலிருந்து (ஓய்வுபெற்ற தமிழாசிரியர்):
சங்க காலத்திலேயே சொல் இருக்கிறது, தம்பி. புறநானூறு 102. எருதுகள் இளசு, நுகம் பழகாதவை. வண்டியிலோ பாரம் அதிகம். பள்ளத்தில் இறங்கும்போது என்ன ஆகுமோ, மேட்டில் ஏறும்போது என்ன ஆகுமோ என்று உப்பு விற்கும் உமணர் அடியில் இன்னோர் அச்சைக் கட்டிக்கொண்டு போகிறார்கள். 'கீழ்மரத்து யாத்த சேம அச்சு' என்கிறார் ஔவையார். 'அவல் இழியினும் மிசை ஏறினும்' என்பது கல்லட்டியின் 36 கொண்டை ஊசி வளைவுகளைப் பார்த்துப் பாடியது போலில்லையா? சேமச் சக்கரம் என்று போடுங்கள். பக்கத்திலேயே குறள் 475. மயிலிறகானாலும் அளவு மீறி ஏற்றினால் அச்சு முறியும். கேரியரில் வீட்டையே கட்டிக்கொண்டு வருகிறவர்கள் படிக்கட்டும்.

கூடலூரிலிருந்து:
ஐயா மன்னிக்க வேண்டும். சேமம் என்பது க்ஷேமம். சக்கரமும் வடசொல். இரண்டையும் ஒட்டவைத்துத் தமிழ் என்பதா? 'மாற்றுருளி' போதும்.

உதகையிலிருந்து:
சேர் என்ற வேரிலிருந்து சேர்மம், அதில் ரகரம் கெட்டுச் சேமம் என்று ஏன் கொள்ளக்கூடாது? சேமிப்பும் அப்படித்தான். பேரகராதி வேறு சொல்லும், தெரியும். அகராதி சொன்னதற்காக ஔவையின் வாயிலிருந்து சொல்லைப் பிடுங்க முடியாது.

கோத்தகிரியிலிருந்து (மெக்கானிக்):
பெரியவங்க பேசுற இடம், இருந்தாலும் சொல்றேன். நம்ம பஞ்சர் கடைப் பையனிடம் 'சேமச் சக்கரம் இருக்கா' என்று கேட்டுப் பார்த்தேன். 'சேமியாவாண்ணே?' என்றான். உருளி என்றால் கூடலூர் பக்கம் பாத்திரம். சேமியாவும் உருளியும் சேர்ந்தால் பாயசம்தான் வைக்கலாம். நடுராத்திரி பர்லியாரில் டயர் போனவனுக்கு வாயில் ஸ்டெப்னிதான் வரும்.

அதைவிட முக்கியம், ஸ்டெப்னி இருக்கும், காற்று இருக்காது. ஜாக்கி இருக்கும், வீல் ஸ்பேனர் இருக்காது. சரிவில் ஹேண்ட்பிரேக்கை மட்டும் நம்பி ஜாக்கி போடாமல், கழற்றாத சக்கரங்களுக்குக் கல்லை அண்டக் கொடுக்கச் சொல்லுங்கள். புது வண்டிகளில் ஸ்டெப்னியே ஒல்லியாக வருகிறது. அதன் மேலேயே 80 கி.மீ. வேகம்தான் என்று எழுதியிருக்கும், அதை மாட்டிக்கொண்டு ஊர் சுற்றக்கூடாது. இதையெல்லாம் எழுதிவிட்டுப் பெயரை எது வேண்டுமானாலும் வையுங்கள்.

கோவையிலிருந்து:
ஸ்டெப்னி என்பது ஆங்கிலச் சொல் மாதிரிகூட இல்லை, தெருப்பெயர். வேல்ஸ் நாட்டில் லனெல்லி ஊரின் ஸ்டெப்னி தெருவில் டேவிஸ் சகோதரர்கள் 1904இல் விற்கத் தொடங்கிய சக்கரம். அன்றைய கார்கள் மாற்றுச் சக்கரமில்லாமல்தான் வந்தன. இன்னொன்று: டயர் காற்றழுத்தத்தைக் காட்டும் கருவியும் ட்யூப்லெஸ் ஒட்டும் சாமானும் வண்டியில் இருந்தால் ஸ்டெப்னி கட்டாயமில்லை என்று 2020இல் மத்திய அரசு விதியையே தளர்த்திவிட்டது. வழக்கொழியப் போகிற பொருளுக்கா இத்தனை மடல்? 'இ-பாஸ்' அதே அறிக்கையில் அப்படியே இருக்கிறது, அதை யாரும் கேட்கவில்லை.

கூடலூரிலிருந்து:
நுழைவிசைவு. கேட்டதற்கு நன்றி.

குன்னூரிலிருந்து:
வியாழன் இரவாகிவிட்டது. கைதூக்கியவர்களில் நான்கு பேர் 'மாற்றுச் சக்கரம்', இரண்டு பேர் 'சேமச் சக்கரம்', ஒருவர் மாற்றுருளி. 'மாற்றுச் சக்கரம் என்கிற ஸ்டெப்னி' என்று அனுப்பிவிட்டேன். கல் அண்டக் கொடுப்பதும் சேர்ந்துவிட்டது. குறளுக்கு இடமில்லை ஐயா, இ-பாஸ் இ-பாஸாகவே போகிறது.

உதகையிலிருந்து:
அறிக்கை கைக்கு வந்தது. 'மாற்று சக்கரம்' என்று அடித்திருக்கிறார்கள். வன்தொடர்க் குற்றியலுகரத்தின் பின் வலி மிகும் என்பதுகூடவா? சேமச் சக்கரம் என்று கொடுத்திருந்தால் அச்சகம் அந்த 'ச்' என்ற ஒற்றையாவது பயந்து வைத்திருக்கும்.