அரிசிக்குக் குறைவில்லை, பருப்புக்குத்தான் தட்டுப்பாடு: கையில் பணமில்லாத மாதங்களில் எங்கள் அடுப்படி

பாலக்கோடு பக்கத்திலிருந்து

2020 மார்ச் 25 அன்று ஊரடங்கு தொடங்கியபோது நாங்கள் ஓசூரில் வாடகை வீட்டில் குடியிருந்தோம். என் கணவர் ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்தத் தொழிலாளி. மார்ச் மாதச் சம்பளத்தில் பாதிதான் கைக்கு வந்தது. ஏப்ரலில் அதுவும் நின்றுபோனது. ஜூன் மாதத் தொடக்கத்தில் வீட்டைக் காலி செய்துவிட்டு, இரண்டு பெண் பிள்ளைகளோடு பாலக்கோட்டுக்கு அருகிலுள்ள என் மாமியார் வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். ஐந்து பேர் கொண்ட அந்தக் குடும்பத்துக்கு அடுத்த பத்து மாதங்கள் நான் எப்படிச் சோறு போட்டேன் என்பதையும், தொடக்கத்தில் நான் செய்த ஒரு பெரிய பிழையையும் இங்கே எழுதுகிறேன். இன்று அதே நிலையில் இருக்கும் ஒரு பெண்ணாவது அந்தப் பிழையைச் செய்யாமல் தப்பினால் எனக்கு நிறைவாக இருக்கும்.

அந்த மாதங்களில் ரேஷன் கடையில் வழக்கமான விலையில்லா அரிசியோடு கூடுதல் அரிசியும் கிடைத்ததால் எங்கள் வீட்டில் அரிசிக்கு ஒருநாளும் குறைவிருந்ததில்லை. அரிசிப் பானை நிறைந்திருப்பதைப் பார்த்து, பிள்ளைகள் பட்டினி கிடக்க மாட்டார்கள் என்று நான் நிம்மதியடைந்தேன். கையிலிருந்த சொற்பப் பணத்தை எதில் மிச்சம் பிடிக்கலாம் என்று யோசித்தபோது கடையில் விலை கூடுதலாகத் தெரிந்தது பருப்பு, பயறு வகைகள்தான் என்பதால், அவற்றை வாங்குவதை நிறுத்தினேன். ரேஷனில் வந்த ஒரு கிலோ துவரம்பருப்பை மாதம் முழுவதற்கும் வைத்துக்கொண்டேன். காலையில் பழைய சோறும் ஊறுகாயும், மதியம் சோறும் ரசமும், இரவு மதியச் சோற்றின் மீதி. எண்ணெயையும் தேநீருக்கான சர்க்கரையையும் மட்டும் குறைக்கவில்லை.

ஒரு கிலோ பருப்பை 30 நாட்களுக்குப் பங்கிட்டால் நாளொன்றுக்கு 33 கிராம் வரும். அதை ஐந்து பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 7 கிராம்கூடத் தேறாது. இந்தக் கணக்கை நான் அன்று போட்டுப் பார்க்கவில்லை. ஜூலை மாத நடுவில் என் இளைய மகள் விளையாடப் போகாமல் திண்ணையிலேயே சுருண்டு படுத்துக் கிடக்கத் தொடங்கினாள். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் சென்றபோது இரத்தம் குறைவாக இருப்பதாகச் சொல்லி மாத்திரை கொடுத்தார்கள். அங்கிருந்த செவிலியர் அம்மா, வீட்டில் என்ன சமைக்கிறேன் என்று பொறுமையாகக் கேட்டு அறிந்துகொண்டு, “வயிறு நிறைகிறதம்மா, உடம்புக்குத்தான் ஒன்றும் சேரவில்லை” என்றார். சாப்பிட்ட கையோடு தேநீர் குடித்தால் உணவிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் சரியாக ஒட்டாது என்பதையும், எலுமிச்சை, நெல்லிக்காய், தக்காளி போன்றவற்றைச் சாப்பாட்டோடு சேர்த்துக்கொண்டால் நன்றாக ஒட்டும் என்பதையும் அவரிடம்தான் தெரிந்துகொண்டேன்.

வீடு திரும்பியதும் மாமியாரிடம் அழுதேன். அவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. பரணில் கவிழ்த்து வைத்திருந்த களிப் பானையை எடுத்துக் கழுவச் சொன்னார். “நாங்கள் நெல்லுச் சோறு பார்த்ததே பண்டிகைக்குத்தான். ராகியும் கொள்ளும் கீரையும் இருந்தால் இந்த மண்ணில் யாரும் சாக மாட்டார்கள், கண்ணு” என்றார். அன்று முதல் அடுப்படிக் கணக்கை அவரே வகுத்துத் தந்தார்.

வாரத்துக்குக் கடைச் செலவு 500 ரூபாய் என்று வரம்பு வைத்துக்கொண்டோம். அந்தப் பணம் கைக்கு வந்த அன்றே நான்கு கிலோ ராகியும் ஒன்றரைக் கிலோ கொள்ளும் வாங்கிவிட வேண்டும் என்பது அத்தையின் கட்டளை. ஊருக்குள்ளேயே விளைவித்தவரிடம் வாங்கியதால் அப்போது ராகி கிலோ 30 ரூபாய்க்கும், கொள்ளு 50 ரூபாய்க்கும் கிடைத்தன. இரண்டுக்கும் சேர்த்து 195 ரூபாய். பத்து முட்டை, பிள்ளைகளுக்குத் தினமும் கால் லிட்டர் பால், சின்ன வெங்காயம், மிளகாய், மல்லி இவை போக மிஞ்சியதில்தான் மற்றவை. பணம் தீர்ந்த பிறகு பருப்புக்கு என்ன செய்வது என்ற கேள்வியே எழாதபடி, பருப்பும் பயறும் முதலில் வீட்டுக்குள் வந்துவிட்டன. முன்பு நான் எல்லாவற்றையும் வாங்கிவிட்டு மிச்சமிருந்தால் பயறு வாங்குவேன். மிச்சம் என்ற ஒன்று எந்த வாரமும் இருந்ததில்லை.

கொள்ளில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 20 கிராம் புரதம் இருக்கிறது. ஏறக்குறைய துவரம்பருப்புக்கு நிகர். ஐந்து பேருக்கு ஒரு வேளைக்கு 200 கிராம் போதும், அதாவது 10 ரூபாய்க் கொள்ளு. இரவே ஊற வைத்து, காலையில் நிறையத் தண்ணீர் விட்டு வேக வைப்போம். வெந்த நீரை வடித்து, புளி, பூண்டு, மிளகு, சீரகம் தட்டிப் போட்டால் அது மதிய ரசம். வெந்த கொள்ளை வரமிளகாய், பூண்டு, சின்ன வெங்காயத்தோடு சட்டியில் போட்டு மத்தால் கடைந்தால் களிக்குத் தொட்டுக்கொள்ளக் கடைசல். ஒரே கொள்ளில் இரண்டு பண்டம் ஆனதால், வீட்டில் யாருக்கும் இது பஞ்சத்துச் சமையல் என்று தோன்றவில்லை. அவரைக்கொட்டை மலிவாகக் கிடைத்த வாரங்களில் கொள்ளுக்குப் பதிலாக அவரைக்கொட்டைக் குழம்பு வைத்தோம்.

களியின் அளவையும் சொல்கிறேன், ஏனென்றால் நகரத்தில் வளர்ந்த பெண்கள் பலர் இதைக் கேட்டு எனக்கு எழுதியிருக்கிறார்கள். ஐந்து பேருக்கு மூன்று டம்ளர் ராகி மாவு, ஒரு டம்ளர் நொய்யரிசி, எட்டு டம்ளர் தண்ணீர். தண்ணீர் கொதித்ததும் உப்பும் நொய்யும் போட்டு, நொய் குழைய வெந்த பிறகு, மாவை நடுவில் குவியலாகக் கொட்டி, களிக்கோலால் குவியலின் நடுவே ஒரு துளையிட்டு, மூடி, சிறு தீயில் பத்து நிமிடம் விட வேண்டும். இந்தப் பத்து நிமிடத்தில் அவசரப்பட்டால் மாவு வேகாமல் கட்டி தட்டும். பிறகு பானையை இறக்கி, காலால் அண்டை கொடுத்துப் பிடித்துக்கொண்டு, பலம் கொண்ட மட்டும் கிண்ட வேண்டும். ஈரக் கையால் தொட்டால் ஒட்டாமல் வந்தால் பதம் சரி. மீந்த உருண்டையைத் தண்ணீரில் போட்டு வைத்தால், மறுநாள் காலையில் மோரும் வெங்காயமும் சேர்த்துக் கரைத்துக் குடிக்கலாம்.

என் பெரிய மகள் முதல் இரண்டு வாரம் களியைத் தொடவே இல்லை. ஓசூரில் இட்லியும் தோசையும் தின்று வளர்ந்தவள், “இது ஏழைங்க சாப்பாடு” என்று சொன்னபோது அத்தையின் முகம் வாடியதை நான் இன்றும் மறக்கவில்லை. அவளை வற்புறுத்தவில்லை. அதே மாவில் முருங்கைக்கீரையும் வெங்காயமும் பிசைந்து அடையாகத் தட்டிக் கொடுத்தேன், அது பிடித்துப்போனது. அரிசியோடு ஒப்பிட்டால் ராகியில் சுண்ணாம்புச்சத்து பல மடங்கு அதிகம், 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல். பால் வாங்க முடியாத வீட்டில் வளரும் பிள்ளைகளுக்கு அதன் அருமை தனி.

காய்கறிக்கு நாங்கள் அநேகமாகச் செலவழிக்கவில்லை. கொல்லையில் முருங்கை நின்றது. மழைக்குப் பிறகு பண்ணைக்கீரையும் குப்பைக்கீரையும் வரப்போரம் தானாக முளைத்தன. ஜூன், ஜூலையில் காற்றுக்கு உதிர்ந்த பெங்களூரா மாங்காய்களைத் தோப்புக்காரர்கள் எடுத்துக்கொள்ளச் சொல்வார்கள். கீறி உப்பிட்டுக் காய வைத்த அந்த வற்றல் புளிக்குப் பதிலாகக் குழம்புக்கு ஆனது. பாலக்கோட்டில் தக்காளி விலை வீழ்ந்து, பறித்த கூலிகூடக் கட்டாமல் விவசாயிகள் தவித்த ஒரு சமயத்தில், ஒரு பெட்டித் தக்காளியை மிகக் குறைந்த விலைக்கு வாங்கி, பாதியைத் தொக்காகவும் பாதியை வற்றலாகவும் ஆக்கினேன். அந்த விவசாயியின் முகத்தைப் பார்த்து வாங்கியபோது மகிழ்ச்சி வரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். தை, மாசியில் புளி தட்டும் வேலைக்கு அத்தையோடு நானும் சென்றேன். கூலியில் ஒரு பங்கைப் புளியாகவே வாங்கிக்கொண்டோம். அந்தப் புளியைக் கரைத்து, சுட்ட மிளகாயும் சின்ன வெங்காயமும் கசக்கிப் போட்டு, துளி வெல்லம் சேர்த்தால் பச்சைப்புளி ரசம். அதைக் கொதிக்க வைக்க வேண்டியதில்லை.

மூன்று மாதம் கழித்து இளையவளுக்கு மீண்டும் இரத்தம் பார்த்தபோது அளவு ஏறியிருந்தது. மாத்திரையும் காரணம், சாப்பாடும் காரணம் என்று செவிலியர் அம்மா சொன்னார்.

ஊத்தங்கரைப் பக்கத்திலிருந்து

பாலக்கோட்டுச் சகோதரியின் அனுபவத்தைப் படித்ததும், எங்கள் வீட்டில் நான் செய்த பிழை நினைவுக்கு வந்தது. நான் மானாவாரியில் ராகியும், புரட்டாசியில் கொள்ளும் விதைக்கிறவன். பல ஆண்டுகள், அறுவடையானதும் எல்லாவற்றையும் விற்றுவிட்டு, நான்கு மாதம் கழித்து அதே ராகியைக் கடையில் கூடுதல் விலைக்கு வாங்கினேன். 2022-23 பருவத்தில் அரசு ராகிக்குக் குவிண்டாலுக்கு 3,578 ரூபாய் என்று ஆதரவு விலை அறிவித்திருந்தது. அந்த விலையைக் கேட்டதும் முழுவதையும் போட்டுவிடத்தான் எனக்கும் ஆசை வந்தது. என் மனைவி இரண்டு மூட்டையை வீட்டில் நிறுத்திக்கொண்ட பிறகே மீதியை ஏற்ற விட்டார். அந்தக் கோடையில் என் காலில் அடிபட்டு இரண்டு மாதம் வேலைக்குப் போக முடியாதபோது, அந்த இரண்டு மூட்டைதான் எங்களைக் கடன் வாங்காமல் காத்தது.

நிலமில்லாதவர்களுக்கும் இது பொருந்தும். கொள்ளு தையில் புதிதாக வரும்போது விலை இறங்கும். போச்சம்பள்ளி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் மாலை நேரத்தில் சென்றால், திருப்பி ஏற்றிச் செல்ல மனமில்லாத வியாபாரிகள் இன்னும் சற்று இறக்கித் தருவார்கள். நான்கு குடும்பம் சேர்ந்து ஒரு மூட்டையாக வாங்கிப் பிரித்துக்கொள்வதும் எங்கள் ஊரில் உண்டு. வாங்கியதை இரண்டு நாள் நல்ல வெயிலில் காய வைத்து, சூடு ஆறிய பிறகு, காய்ந்த வேப்பிலையோடு தகர டப்பாவில் அடைத்தால் வண்டு அண்டாது. சூட்டோடு அடைத்தால் உள்ளே வியர்த்துக் கெட்டுவிடும். ஒரு வருடம் பத்து கிலோவை அப்படித்தான் இழந்தோம்.

தருமபுரி மாவட்டத்தில் 2023 மே மாதம் முதல் ரேஷனில் அரிசிக்குப் பதிலாக இரண்டு கிலோ ராகி தரும் திட்டம் நீலகிரியோடு சேர்த்துத் தொடங்கப்பட்டது. அதை வாங்காமல் விடுபவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனம் பொறுக்கவில்லை.

அரூர் பக்கத்திலிருந்து

நான் அங்கன்வாடியில் பணியாற்றுகிறேன். கையில் பணமில்லாத வீடுகளில், இலவசமாக வந்த சத்துணவே வீணாவதைத் தினமும் காண்கிறேன். கர்ப்பிணிகளுக்கும் சிறு குழந்தைகளுக்கும் நாங்கள் தரும் சத்துமாவைப் பிள்ளை சாப்பிடவில்லை என்று மாட்டுக்குக் கரைத்து ஊற்றிவிடுகிறார்கள். அதை வெறும் தண்ணீரில் கரைத்துக் கொடுத்தால் எந்தப் பிள்ளைக்கும் பிடிக்காது. வெறும் சட்டியில் வாசம் வரும்வரை வறுத்து, வெந்நீர் தெளித்துப் புட்டாக அவித்தோ, கொஞ்சம் வேர்க்கடலை பொடித்துப் போட்டு உருண்டையாகப் பிடித்தோ கொடுத்துப் பாருங்கள். எங்கள் மையத்துத் தாய்மார்களுக்கு நான் நேரில் செய்து காட்டிய பிறகு, காலிப் பொட்டலத்தோடு வந்து அடுத்த பொட்டலம் எப்போது வரும் என்று கேட்கிறார்கள்.

இன்னொன்று, ரேஷன் அரிசியைக் களையும்போது மேலே மிதக்கும் சில அரிசிகளைப் பிளாஸ்டிக் என்று அஞ்சிப் பொறுக்கி எறிகிறார்கள். அது இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்துச் செய்த செறிவூட்டப்பட்ட அரிசி. அது கலந்து வரும் அரிசியில் நூறு கிலோவுக்கு ஒரு கிலோ என்ற அளவில் இருக்கும். இரத்தம் குறைவான பிள்ளை உள்ள வீட்டில் அதைத்தான் முதலில் எறிகிறார்கள் என்பது வேதனையாக இருக்கிறது. ஒரு முறைக்கு மேல் அரிசியைக் களைய வேண்டாம் என்று நான் எல்லோரிடமும் கேட்டுக்கொள்கிறேன்.

சகோதரியிடம் ஒரு கேள்வி: கொள்ளு வேகுவதற்கு எரிபொருள் அதிகம் ஆகிறது என்று எங்கள் தாய்மார்கள் தயங்குகிறார்கள். நீங்கள் எப்படிச் சமாளித்தீர்கள்?

பாலக்கோடு பக்கத்திலிருந்து

அரூர் சகோதரிக்கு: முதல் மாதம் எனக்கும் அதே சிக்கல்தான். எட்டு மணி நேரம் ஊறிய கொள்ளு குக்கரில் ஐந்தாறு விசிலுக்குள் வெந்துவிடும். ஊறாத கொள்ளு அதைப் போல இரு மடங்கு எரிவாயுவைத் தின்றும் நறுக்கென்றுதான் இருக்கும். ஊற வைக்க மறந்த நாளில், கொள்ளை வாசம் வர வறுத்து, திரிகையில் இரண்டாக உடைத்து, தோலைப் புடைத்துவிட்டு வேக வைத்தால் பாதி நேரம் போதும். குக்கர் இல்லாதவர்கள், கொள்ளு ஒரு கொதி வந்ததும் இறுக மூடி, அடுப்பை அணைத்து, பழைய போர்வையால் சுற்றி ஒரு மணி நேரம் வைத்துவிட்டு மீண்டும் அடுப்பேற்றலாம். எங்கள் அத்தை சாம்பலுக்குள் தணல் இருக்கும்போதே இரவு சட்டியை வைத்துவிடுவார். விடியற்காலையில் எழுந்து பார்த்தால் கொள்ளு விரல் பட்டதும் நசுங்கும். நான் தாளித்துக் கடைய வேண்டியது மட்டும்தான் பாக்கி இருக்கும்.